ஸ்வீட் ரூமும் 412 ராத்திரிகளும்

"சார், உங்களுக்கு ஸ்வீட் குடுத்திருக்கோம்" என்று ரிசப்ஷனில் நின்ற பெண் சொன்னதும், சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா அவசரமாகக் கையை ஆட்டினார்.

"எனக்கு வேண்டாங் கண்ணு. சுகர் இருக்குது."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். ஹோட்டல்காரர்கள் பாஷையில் ஸ்வீட் என்றால் தனி ஹால், தனி படுக்கையறை என்று ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும் பெரிய அறை. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, காதில் விழுவது ஒன்றுதான். மகன் விளக்கிச் சொன்ன பிறகும் அம்மா அடுத்த இரண்டு நாளும் அதை 'சுவீட்டு ரூமு' என்றேதான் சொன்னார்.

2024 செப்டம்பர் கடைசி. காலாண்டு லீவு. உக்கடத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் நாலு பேர்: அவர், அவர் மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், 68 வயது அம்மா. காலை 6 மணி வந்தே பாரத்தில் ஏறி, மதியத்துக்குள் சென்னை சென்ட்ரலில் இறங்கி, டாக்ஸி பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் அந்த ரிசார்ட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் இரண்டு டிராலி பெட்டி, ஒரு கட்டைப்பையில் புளிசோறு, ஒரு எவர்சில்வர் தூக்கில் கச்சாயம். கூடவே அம்மாவின் மடியில் ஒரு பழைய ரெக்சின் பை.

அறை வாடகை? ஒரு பைசா இல்லை. எல்லாம் பாயின்ட்.

அவர் வேலை பார்ப்பது கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில். கோயம்புத்தூரில் செய்கிற மோட்டாரை மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் விற்பது வேலை. டீலரைப் பார்க்க வேண்டும், கம்ப்ளெய்ன்ட் கேட்க வேண்டும், பாக்கி வசூலிக்க வேண்டும். மாதத்தில் ஒரு வாரமாவது வெளியூர். தங்கும் ஹோட்டலுக்குக் கம்பெனி பணம் கட்டும். ஆனால் ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் பெயர் பதிந்திருந்தால், அந்தப் பணத்துக்கான பாயின்ட் தங்குகிறவர் கணக்கில் ஏறும். அவர் சேர்ந்திருப்பது மேரியட் பான்வாய். டாஜுக்கும் ஐ.டி.சி-க்கும் இதே மாதிரி தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. மேரியட்டில் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் வாடகைக்கு 10 பாயின்ட். 5,000 ரூபாய் அறை என்றால் சுமார் 600. ஒரு வருஷத்தில் 50 இரவு தாண்டினால் பிளாட்டினம் என்று ஒரு தகுதி தருகிறார்கள். அதற்கு 50 சதவிகிதம் பாயின்ட் கூடுதல். அறை காலியாக இருந்தால் பெரிய அறைக்கு மாற்றியும் தருவார்கள். அம்மா வேண்டாம் என்ற ஸ்வீட் வந்தது அப்படித்தான்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஏஜென்ட் மூலமோ, மலிவு விலை காட்டும் புக்கிங் ஆப் மூலமோ அறை எடுத்தால் பொதுவாக பாயின்ட் கிடையாது. ஹோட்டலின் சொந்தத் தளத்தில், அல்லது கம்பெனிக்கென்று பேசிவைத்த விலையில் நேரடியாக எடுக்க வேண்டும். முதல் வருஷம் முழுக்க அவருக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு ஆபீஸில் டிக்கெட், ரூம் போடும் தம்பிக்கு மாதாமாதம் அன்னபூர்ணா காபி வாங்கிக்கொடுத்துக் காரியத்தைச் சாதித்துக்கொண்டார். இன்னொன்று, 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் பாயின்ட் காலாவதி. அதனால்தான் 2023-ல் மேரியட்டும் ஹெச்.டி.எஃப்.சி வங்கியும் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு விட்டபோது முதல் ஆளாக வாங்கினார். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. பதிலுக்கு 15,000 பாயின்ட் மதிப்புள்ள ஒரு இரவு இலவசம், 10 இரவு தங்கியதாகக் கணக்கு. (மாதக் கடைசியில் பில்லை முழுசாகக் கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கதை. பாக்கி வைத்தால் வட்டியே ஒரு ரிசார்ட் வாடகையைத் தின்றுவிடும்.)

ரிசார்ட்டில் ஒரு இரவுக்கு 22,000 பாயின்ட். முதல் இரவுக்கு கார்டு தந்த இலவச இரவோடு 7,000 பாயின்ட் சேர்த்தார். இரண்டாவது இரவுக்கு முழுசாக பாயின்ட். ஏழு வருஷத்தில் சேர்ந்ததில் பாதி தங்கை கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரைக்கு அறை போட்டதில் போயிருந்தது. மீதியில்தான் இந்தப் பயணம்.

அறைக் கதவைக் கார்டு காட்டித் திறந்ததும் முதலில் உள்ளே ஓடியது பாப்பா. ஹாலைத் தாண்டி, படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள். வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை, கட்டிலுக்குப் பின்னால் மெத்தை வைத்துத் தைத்த மாதிரி ஒரு சுவர்.

"அம்மா, இது அப்பா ரூம்!"

யாருக்கும் புரியவில்லை. அவள் கட்டிலில் ஏறி, சுவரில் சாய்ந்து, கையை மொபைல் மாதிரி முகத்துக்கு நேரே நீட்டிக்காட்டினாள். இரவு எட்டரைக்கு வீடியோ காலில் அப்பா உட்கார்ந்திருப்பது இப்படித்தான். பின்னால் தெரிவது இந்தச் சுவர்தான். புனே, இந்தூர், நாக்பூர் எல்லாம் அவளுக்கு ஒரே இடம். அந்த இடத்துக்குத்தான் அப்பா இன்று எல்லோரையும் கூட்டிவந்திருக்கிறார்.

மனைவி பெட்டியைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

அவர் அறைக்குள் நடமாடிய விதத்தையும் வீட்டுப் பெண்கள் அன்றுதான் பார்த்தார்கள். எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று தேடவில்லை. ஏ.சி-யை 24-ல் வைத்தார், திரையை இழுத்தார், பாத்ரூமில் வெந்நீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும் என்று சொன்னார். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த பையனிடம் இந்தியில் ஊர் கேட்டார், ஏதோ சொல்லிச் சிரித்தார். உக்கடம் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் எங்கே என்று கேட்கிற மனிதர்.

"ஒறம்பரை ஊட்டுக்கு வந்தாப்பல நாமதான் முழிக்கறோம்" என்றார் அம்மா. "இவனுக்குச் சொந்த ஊடாட்டம் இருக்குது."

அம்மா கடலைப் பார்த்து வருஷக்கணக்கு. கடைசியாகப் பார்த்தது, கணவரின் சாம்பலைக் கரைக்க ராமேஸ்வரம் போனபோது. பால்கனியில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். புளிசோற்றை ஹோட்டல் கப் அண்ட் சாஸரில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கணக்குக் கேட்க ஆரம்பித்தார்.

"காசு கட்டலீங்கிறே. அப்பறம் எதுக்குக் கீழ கார்டைத் தேய்ச்சாங்க?"

"அது அட்வான்ஸுங்கம்மா. சாப்பாட்டுக்கு, கீப்பாட்டுக்கு. ரூமுக்கு இல்லீங்க. நான் வெளியூர்ல தங்கறேனில்ல, ஒவ்வொரு ராத்திரிக்கும் பாயின்ட் குடுப்பாங்க. அதைச் சேர்த்துக் குடுத்தா ரூம்."

அம்மா யோசித்தார். "பழைய சீலைய வாங்கிட்டு எவர்சில்வர் டப்பா குடுக்கறவனாட்டமா?"

இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயணிகளுக்கு மைல் கணக்கு ஆரம்பித்தது. 1983-ல் ஹாலிடே இன், மேரியட் இரண்டும் அதையே ஹோட்டலுக்குக் கொண்டுவந்தன. அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை இந்த பாத்திரக்காரர் வியாபாரம்தான். ஒரே வித்தியாசம், சேலை யாருடையது என்று பாத்திரக்காரர் சந்தேகப்பட வேண்டியதில்லை. இங்கே அது பெரிய கேள்வி. காசு கம்பெனியுடையது, பாயின்ட் மட்டும் எப்படி ஊழியருக்கு? மத்திய அரசு ஊழியர்கள் அலுவல் பயணத்தில் சேரும் விமான மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஜெர்மனியில் 2002-ல் இதே மாதிரி மைல் விவகாரத்தில் பெர்லின் மாநில அமைச்சர் கிரகோர் கீசி பதவியை விட்டே விலகினார். தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வீட்டைவிட்டு அலைகிறவனுக்கு அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவிடுகின்றன.

அம்மாவின் கேள்வி வேறு பக்கம் போனது.

"உங்கப்பா நைட் ஆல்ட்டுக்கெல்லாம் பாயிண்ட்டு போட்டிருந்தா எத்தனை வந்திருக்கும்?"

அப்பா கண்டக்டர். 1972-ல் சேரன் போக்குவரத்துக் கழகம் என்று ஆரம்பித்து, 1997-ல் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமாகப் பெயர் மாறிய அதே நிர்வாகத்தில் 31 வருஷம். பொள்ளாச்சி, பழநி, உடுமலை என்று எல்லா ரூட்டும் பார்த்தவர். வால்பாறை வண்டியில் போட்டால் மட்டும் அம்மா முணுமுணுப்பார். 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, ராத்திரி அங்கேயே வண்டியை நிறுத்தி, விடிகாலை முதல் ட்ரிப் எடுக்க வேண்டும். டிரைவர் முன் சீட்டில், கண்டக்டர் கடைசி நீள சீட்டில். தலைக்கு வசூல் பை. போர்த்திக்கொள்ள ஒரு பவானி ஜமக்காளம். அந்தக் குளிருக்கு அது எந்த மூலைக்கு?

"அடுத்த நாள் பொழுதோட வருவாரு. மூக்கு ஒழுகிட்டு, பேட்டா காசை எண்ணிக் குடுப்பாரு. உனக்குக் காய்ச்சலடிச்ச ராத்திரியெல்லாம் அவரு மலை மேலதான்."

ரெக்சின் பையில் அந்த ஜமக்காளம்தான் இருந்தது. அம்மா அதை உதறி பால்கனித் தரையில் விரித்து, அதில் உட்கார்ந்துகொண்டார். அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. நாற்காலி காலியாகவே கிடந்தது.

அன்று ராத்திரி பாப்பாவும் பாட்டியும் பெரிய கட்டிலில் தூங்கிய பிறகு, ஹால் சோபாவில் உட்கார்ந்து மனைவி அவர் மொபைலை வாங்கிப் பார்த்தார். மீதி எவ்வளவு பாயின்ட் இருக்கிறது, அடுத்த வருஷம் ஊட்டிப் பக்கம் எங்காவது போகலாமா என்று பார்க்கத்தான். ஆப்பில் ஒரு ஓரத்தில் இதுவரை தங்கிய மொத்த இரவுகள் என்று ஒரு எண் இருந்தது. 412.

அதில் 20 கார்டுக்காகச் சேர்ந்த வெறும் எண். மிச்சம் 392-ம் நிஜமாகவே படுத்து எழுந்தவை. ஒரு வருஷத்துக்கு மேல்.

கீழே தள்ளத் தள்ள, கடந்த 24 மாத விவரம் வந்தது. தேதி, ஊர், எத்தனை இரவு, பக்கத்தில் பச்சை நிறத்தில் எத்தனை பாயின்ட். மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அவருக்கு அந்தத் தேதிகளில் வேறு விவரம் தெரியும்.

2024 ஆகஸ்ட், புனே, 3 இரவு. உக்கடம் மேம்பாலம் திறந்த வாரம். 2018-லிருந்து தூசி தின்ற தெரு. திறந்ததும் முதல் ரவுண்டு அப்பாவோடுதான் என்று பாப்பா பிடிவாதம் பிடித்து, கடைசியில் தாய்மாமன் பைக்கில் அழுதுகொண்டே போனாள்.

பிப்ரவரி, இந்தூர், 2 இரவு. ஸ்கூல் ஆண்டு விழா. மயில் வேஷம்.

2023 டிசம்பர், சென்னை. மிக்ஜாம் புயலில் ஏர்போர்ட் மூடிய நாள். கரன்ட் இல்லை, போன் கிடைக்கவில்லை. இங்கே அம்மா டி.வி-க்கு முன்னால் இரண்டு நாள் நகரவில்லை.

2023 ஜூலை, ராய்ப்பூர், 4 இரவு, 3,640 பாயின்ட்.

இந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"ஏனுங்க, இது பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம்."

"தெரியும். வைரல் ஃபீவர்னு சொன்னியே."

"டெங்கு. ரத்தத் தட்டு நாப்பதாயிரத்துக்கு எறங்கிருச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்தோம். நீங்க அங்கிருந்து பதறி என்னாகப் போகுதுன்னு அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க. அப்பறம் நீங்க வந்தப்ப வூட்டுக்கு வந்துட்டோம். அப்பறம் சொல்லி என்ன."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசியபோது குரல் கீழே இறங்கியிருந்தது. அந்த வாரம் வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. அன்று ராத்திரி ஃப்ளைட் இருந்தது. வெள்ளிக்கிழமை பார்த்த டீலரிடம் போனிலேயே பேசியிருக்கலாம். வருஷத்துக்கு 50 இரவு கணக்குக்காக ஒரு ராத்திரி சேரட்டும் என்று நேரில் பார்ப்பதாகப் போட்டுக்கொண்டார். நாலாவது ராத்திரி யாருக்கும் தேவையில்லாத ராத்திரி.

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். கேட்டவர் யாருமில்லை. எத்தனையோ வீடுகளில் இந்த மாதிரி விஷயம் அப்படியே மூடிக்கிடக்கத்தான் செய்கிறது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தள்ளினார். பட்டியல் கிட்டத்தட்ட முடியும் இடத்தில், 2022 அக்டோபர் 22, நாக்பூர், 1 இரவு. மறுநாள் விடிகாலைதான் கோட்டைமேட்டில் கோயிலுக்கு முன்னால் கார் வெடித்தது. தீபாவளிக்கு முந்தின நாள். தெருவெல்லாம் போலீஸ். பால்காரர் வரவில்லை. டீலர் மீட்டிங் முடித்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ராத்திரி ஒன்பது. அதுவரை மாமியாரும் மருமகளும் ஜன்னலைக்கூடத் திறக்காமல் பாப்பாவுக்குப் பட்டாசு பற்றி ஏதேதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கும் 900 சொச்சம் பாயின்ட் ஏறியிருந்தது.

"இந்த வருஷம் எத்தனை ஆச்சு?" என்று கேட்டார்.

"38. கார்டு குடுத்த 10-ம் அதுல சேர்த்தி."

"இன்னும் 12 வேணும். இல்லீன்னா?"

"பிளாட்டினம் போயிரும். கோல்டுதான். கோல்டுக்கு ஸ்வீட் எல்லாம் குடுக்க மாட்டாங்க."

மூன்று மாதத்தில் 12 இரவு அவருக்குப் பெரிய காரியமில்லை. நவம்பரில் ஒரிசா பக்கம் ஒரு டூர் வேண்டுமா என்று மேனேஜர் கேட்டுமிருந்தார். அது வேறொருவர் ஏரியா. சரி என்று சொன்னால் ஒரே வீச்சில் ஆறு. மனைவி மொபைலை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். போ, போகாதே என்று எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் முழுக்கக் கடல்தான். பாப்பா நீச்சல் குளத்தைவிட்டு வெளியே வர மறுத்தாள். காலைச் சாப்பாட்டில் இரண்டு பேருக்குத்தான் சலுகை. அம்மாவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும் என்று தெரிந்ததும் "நான் கச்சாயம் தின்னுக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். இழுத்து உட்கார வைத்தார்கள். ஒரு இட்லி, அரை வடை, நாலு துண்டு பப்பாளி சாப்பிட்டுவிட்டு, "சட்னி நெம்பச் சப்புன்னு இருக்குது" என்று பரிமாறிய பையனிடமே சொன்னார். அவன் அஸ்ஸாம்காரன். தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினான்.

கிளம்பும் நாளில் மாலை 4 மணிவரை அறையை வைத்துக்கொள்ள விட்டார்கள். அதுவும் பிளாட்டினம் உபயம். அறை வாடகை சைபர், சாப்பாடும் டாக்ஸியும் சேர்ந்து 11,000 ரூபாய் சொச்சம். இலவசம் என்று கிளம்புகிறவர்கள் இந்தத் தொகையையும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. திரும்பும்போது ராத்திரி ரயில். அம்மாதான் கேட்டு வாங்கினார். வந்தே பாரத் வேண்டாம், சேரன் எக்ஸ்பிரஸில் போடு என்றார். சேரன் என்ற பேருக்காகத்தான். லோயர் பெர்த்தில் ஜமக்காளத்தை விரித்துப் படுத்தவர் திருப்பூர் தாண்டித்தான் கண் விழித்தார்.

உக்கடம் வந்த மறுவாரம் சமையலறைச் சுவரில் இருக்கும் கேஸ் ஏஜென்ஸி காலண்டரில் சில தேதிகளைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம் விழுந்திருந்தது. பாப்பாவின் டான்ஸ், அம்மாவின் கண் செக்கப், அப்பாவின் திதி. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. மொபைலில் படம் பிடித்து ஆபீஸ் தம்பிக்கு அனுப்பினார். ஒரிசா டூருக்கு வேறொருவர் போனார். நவம்பரில் இரண்டு முறை கடைசி இரவை வெட்டிவிட்டு நள்ளிரவு ஃப்ளைட்டில் வந்து சேர்ந்தார். ஒருமுறை பீளமேடு ஏர்போர்ட்டிலிருந்து வந்த ஆட்டோ மேம்பாலத்துக்கு அடியில் நிற்கும்போது மணி இரண்டு. கதவைத் திறந்த அம்மா, "ஏஞ்சாமி, ஆல்ட் இல்லியா?" என்றார்.

டிசம்பர் 31-ம் தேதி கணக்கு 45-ல் நின்றது.

2025 மார்ச் முதல் வாரம், ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மொபைலில் வந்த மெயிலைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுண்டியதை அம்மா கவனித்துவிட்டார்.

"என்னவாமா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. அந்த ஹோட்டல்காரங்க. பிளாட்டினத்துல இருந்து கோல்டுக்கு மாத்திட்டாங்க."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

"தங்கமா? அட, நல்லதுதானே சாமி. பிளாட்டினத்தை எந்தக் கடையில வெச்சாலும் பாதி வெலைக்குக்கூட எடுக்க மாட்டாங்க."